வெளிறிய வில்லைகள்

1879 செப்டெம்பர் 9

காலையிலிருந்து மழை. விறகு முழுவதும் ஈரம். ஊதி ஊதித் தலை சுற்றியதால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறாம் மாதத்தில் இப்படி வருவது வழக்கம் என்று பச்சையம்மாள் சொன்னாள். தோட்டத்துக் கொல்லுப்பட்டறையில் வேலை செய்யும் சிங்காரம் ஆசாரியின் மனைவி அவள். மாவிடிக்கவும் தண்ணீர் எடுக்கவும் எனக்கு உதவ வருகிறாள். இந்த மலையில் நான் பேசிச் சிரிக்க வேறு ஆள் இல்லை.

அவள் போன பிறகு கம்பளையிலிருந்து மாட்டுவண்டி ஒன்று வந்தது. கணக்கெழுதும் கந்தோருக்குப் போகாமல் எங்கள் வாசலில் நின்றது. கந்தோர்க் கூரை ஒழுகுகிறது என்று துரை இங்கே அனுப்பினாராம். ஒரேயொரு சாக்கு. சிறியதுதான். ஆனால் வண்டிக்காரனும் கணக்கப்பிள்ளையான என் கணவரும் சேர்ந்து பிடித்துத்தான் அடுப்படிக் குசினிக் கதவுக்குப் பின்னால் வைக்க முடிந்தது. ஒரு மூலை பிய்ந்திருந்தது. அதன் வழியாக இரண்டு மூன்று வில்லைகள் உருண்டன.

வில்லை என்றால் இந்தத் தோட்டத்துக் காசு. கொழும்பிலிருந்து சில்லறை வருவதில்லை என்று துரை பித்தளையில் அடிப்பித்தது. நடுவில் ஒரு கோப்பிச் செடி இருக்கும். ஒரு கூடை பழம் பறித்தால் ஒரு வில்லை. அதைக் கொடுத்தால் மீராசாவின் கடையில் அரிசி. மாத முடிவில் மீராசா வில்லைகளைக் கந்தோரில் கொடுத்து ரூபாயாக வாங்கிக்கொள்வார். இதைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோனால் பிச்சைக்காரனும் வாங்கமாட்டான்.

கீழே விழுந்தவற்றை எடுத்துப் பார்த்தேன். செடி அதே செடிதான். நிறம் வெளிறியிருந்தது. பழைய வில்லையின் பாரம் கையில் இல்லை.

“புதுசோ?” என்று கேட்டேன்.

“துரை எடுப்பித்தவர். ஒருத்தரிட்டையும் கதைக்க வேண்டாம்” என்றார் கணவர்.

நான் யாரிடம் கதைக்கப்போகிறேன்?

செப்டெம்பர் 14

ஞாயிறு. இங்கே ஆலயம் இல்லாததால் நாங்கள் இருவரும் வேதம் வாசித்து ஜெபித்தோம். அவர் வாசிக்கும் குரலைக் கேட்டுத்தான், யாழ்ப்பாணத்து உடுவிலில் மிஷன் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது, இவரைக் கட்டலாம் என்று என்னைப் பெற்ற அப்புவிடம் தலையாட்டினேன்.

பிறகு கோப்பிக் கன்றுகளுக்கிடையே நடந்தோம். இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள். தொட்டால் விரலில் ஒட்டுகிறது. அக்கரைத் தோட்டத்திலும் இதே நோயாம். “இந்தப் போகம் பாதியும் தேறாது” என்றார். கந்தோர்ச் சாக்கு திங்களன்று போய்விடும் என்றும் சொன்னார்.

செப்டெம்பர் 20

சம்பளநாள். பச்சையம்மாள் தன் புது வில்லைகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தாள்.

“என்னம்மா இது, கனமே இல்ல. காத்தடிச்சா பறந்துரும் போலருக்கு.”

“தோட்டத்து வில்லைதானே? கடையில் அரிசி தந்தால் போதாதா?” என்றேன்.

“அது சரிதான். தொர குடுக்கறது, நாம என்ன கேக்க முடியும்?”

இன்று கருவாடு தீய்ந்துவிட்டது.

ஒக்ரோபர் 2

மீராசா கந்தோருக்கு ஒரு பெட்டி வில்லையோடு வந்து, அதே பெட்டியோடு திரும்பிப் போனார். போகும்போது எங்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். “பணம் அடுத்த வாரமாம் தங்கச்சி. போன மாசமும் அடுத்த வாரம்தான். அரிசி மூட்டைக்காரன் எனக்கு அடுத்த வாரம் சொல்ல மாட்டானே” என்று சிரித்தார். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

இரவு கணவரிடம் சொன்னேன். “மீராசாவுக்கு எல்லாத்திலையும் அவசரம்” என்றார்.

ஒக்ரோபர் 11

நல்ல செய்தி. எங்கள் தோட்டத்துக் கில்பி துரை என் கணவரைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு, கதிரை போட்டு உட்காரச் சொன்னாராம். கொழும்பில் துரையின் சிநேகிதர் நடத்தும் வியாபாரக் கம்பெனியில் தலைமை எழுதுவினைஞர் வேலை. வீடும் தருவார்கள். பிள்ளை அங்கே பிறக்கும். அங்கே வெள்ளைக்கார டாக்குத்தர் இருக்கிறார், ஆலயம் இருக்கிறது, காலில் ஏறும் அட்டை இல்லை. சமைக்கும்போது பாட்டுக்கூடப் பாடினேன்.

அவர் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தார். இந்தப் பெரிய செய்தியில் பசி போய்விட்டதாக்கும்.

ஒக்ரோபர் 18

காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். நான் எங்கள் வாசலில் நின்று பார்த்தேன். துரை ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்ல, அவர் அதைத் தமிழில் சொன்னார். துரையின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவருடைய சத்தம் நன்றாகக் கேட்டது.

“இந்தத் தோட்டத்திலை ஆரோ கள்ள வில்லை வார்த்து விட்டிருக்கிறான். வெளிறின வில்லை எல்லாம் கள்ள வில்லை. கந்தோர் அதை எடுக்காது. கடையும் எடுக்கக் கூடாது. செய்தவனைத் துரை பிடிப்பார்.”

ஒரு கிழவன் கம்பளியை விரித்துத் தன் வில்லைகளைத் தரையில் கொட்டினான். “சாமி, இத நீங்கதானே என் கையில எண்ணிப் போட்டீங்க?” என்று கேட்டான்.

அவர் அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை.

நான் உள்ளே வந்து உளுந்து ஊறப்போட்டேன்.

ஒக்ரோபர் 19

ஞாயிறு. ஜெபம் சுருக்கமாக முடிந்தது. பொழுது சாயும் நேரத்தில் கந்தோருக்கென்று போனவர், விளக்கேற்றும்போது திரும்பினார். காலில் போட்டிருந்த சப்பாத்தின் அடியெல்லாம் கரி. கந்தோரில் அடுப்பு இல்லை. தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறேன். நாளை வெயில் வந்தால் காய்ந்துவிடும்.

ஒக்ரோபர் 20

சிங்காரம் ஆசாரியைப் பிடித்துவிட்டார்கள். பட்டறையில் துருத்தியின் கீழே ஒரு துணிமுடிச்சு நிறைய வெளிறிய வில்லைகள் இருந்ததாம். வெள்ளீயமும் வார்க்கும் கரண்டியும் இருந்தனவாம். கோப்பிப் பழம் தோலுரிக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கிறவனிடம் வெள்ளீயமும் கரண்டியும் இல்லாமல் இருக்குமா? பொலிசு வரும்வரை துரையின் காவற்காரர்கள் அவனைக் கோப்பி ஸ்டோர்த் தூணில் கட்டிவைத்து அடித்தார்கள். சத்தம் இங்கே வரை வந்தது.

வெயில் வரவில்லை.

ஒக்ரோபர் 21

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஒக்ரோபர் 27

மீராசா கடையைப் பூட்டிவிட்டார். கூலியாட்கள் குடியிருக்கும் லயங்களில் வள்ளிக்கிழங்கு இலையை அவித்துத் தின்கிறார்கள். பழம் பறிக்க யாரும் போகவில்லை. பறித்துத்தான் என்ன வாங்குவது?

பச்சையம்மாள் வந்தாள். உள்ளே வரவில்லை. படியில் நின்றாள்.

“அம்மா, அவரு இரும்ப அடிப்பாரு, மிசினப் பாப்பாரு. காசு வார்க்கற வேல அவருக்குத் தெரியாதும்மா. பட்டறச் சாவி தெனமும் சாயங்காலம் ஐயாகிட்டத்தானே போவுது. நீங்க ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. ஒங்க பேச்சுக் கேப்பாரு.”

“சொல்கிறேன்” என்றேன். ஒரு கொத்து அரிசி கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். வாங்காமல் போயிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

நவம்பர் 3

இன்று கேட்டுவிட்டேன். நேராகக் கேட்கவில்லை. “ஆசாரியை விட்டுவிடுவினமோ?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீர் என்னத்தைக் கண்டனீர்? சாக்கைக் கண்டனீர். சாக்குக்குள்ளை முழுக்க என்ன இருந்ததெண்டு உமக்குத் தெரியாது.”

“நான் ஒண்டும் சொல்லேல்லையே.”

“சொல்லாதையும்.” எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். “இஞ்சேரும், துரையிட்டைக் காசில்லை. கடன் தந்தவங்கள் கையை விரிச்சிட்டாங்கள். நோய் பிடிச்ச கோப்பியைக் காட்டி ஆரிட்டைக் கேக்கிறது? மலிவா வில்லையை அடிப்பிச்சு ஒரு மாதம் சமாளிச்சார். பிறகு அதுக்கும் காசு குடுக்க வழியில்லை. நான் உண்மையைச் சொன்னால் துரைக்கு என்ன வரும்? ஒண்டும் வராது. சம்பள மேசையிலை இருந்து கையாலை எண்ணிக் குடுத்தது நான். எல்லாரும் என்னைத்தான் காட்டுவினம்.”

“அப்ப ஆசாரி?”

“துரை சொல்றார், சாட்சி போதாதெண்டு கோட்டிலை விட்டிடுவாங்களாம். நாலு நாள் உள்ளை இருந்திட்டு வருவான்.”

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். இவர் கெட்டவர் அல்ல. பயந்தவர். இதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

நவம்பர் 4

நாலு நாள் என்றார். இன்றோடு அவன் உள்ளே போய் இரண்டு கிழமைக்கு மேல்.

நவம்பர் 10

பச்சையம்மாள் இப்போது வருவதில்லை. நானே லயத்துக்குப் போனேன். வயிறு பாரமாக இருந்ததால் ஏற்றத்தில் இரண்டு தரம் உட்கார்ந்தேன். நான் வருவதைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒருத்தி மட்டும் சத்தமாகச் சொன்னாள்: “கணக்கப்பிள்ள வீட்டம்மா வந்திருக்காங்க. எப்புடிக் கெடக்கோம்னு நல்லாப் பாத்துட்டுப் போகட்டும்.”

பச்சையம்மாளின் கதவு சாத்தியிருந்தது. புருஷனுக்குக் கஞ்சி கொண்டு கம்பளைக்கு நடந்து போயிருக்கிறாளாம். போக ஒரு நாள், வர ஒரு நாள். வாசலில் பிள்ளைகள் வெளிறிய வில்லைகளை அடுக்கி வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் பிள்ளை வயிற்றுக்குள் புரண்டுகொண்டே இருந்தது.

நவம்பர் 17

இருபத்துநாலாம் திகதி வழக்கு. அவர்தான் முதல் சாட்சி. அறைக்குள் நடந்துகொண்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுகிறார். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. துருத்தியின் கீழே கண்டேன் என்கிறார். வெள்ளீயம் இருந்தது என்கிறார். இதெல்லாம் தடங்காமல் வருகிறது. “அந்த வில்லைகளை அதற்கு முன் நான் கண்டதில்லை” என்னும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் நாக்கு இடறுகிறது. மறுபடி தொடங்குகிறார்.

நான் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். வழக்கு நடக்கும் கோட்டுக்குப் போட்டுப்போக வேண்டிய சட்டை.

நவம்பர் 22

நித்திரை இல்லை. ஜெபம் பண்ண முழங்காலிட்டால் வார்த்தை வரவில்லை, ஸ்டோர்த் தூண்தான் கண்ணுக்குள் வருகிறது. கொழும்பு வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். அந்த வீட்டில் ஒரு கதிரையைக்கூட என்னால் போட முடியவில்லை.

கம்பளைப் போதகரின் மனைவியைப் பார்க்க வேண்டும், பிள்ளைப்பேற்றைப் பற்றிக் கேட்க வேண்டும், நானும் வண்டியில் வருகிறேன் என்றேன். “நல்லது, வாரும்” என்றார். நான் கூட இருந்தால் அவருக்குத் தைரியமாம்.

நவம்பர் 25

நேற்று நடந்ததை இன்று போதகர் வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

கோட்டுக்கு வெளியே மரத்தடியில் பச்சையம்மாளும் தோட்டத்து ஆட்கள் இருபது பேரும் குந்தியிருந்தார்கள். நான் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் விலகவில்லை. சிங்காரத்தைக் கொண்டுவந்தார்கள். மெலிந்து, தோள் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. கூட்டத்தோடு நானும் உள்ளே போனேன்.

துரை வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பியிருந்தார். என் கணவர் கூண்டில் ஏறினார். நான் பொத்தான் தைத்த சட்டை. பழகியதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். அந்த இடம் வந்தது. “அந்த வில்லைகளை அதற்கு முன்…” என்று நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். பிறகு சொல்லி முடித்தார்.

அப்போது நான் எழுந்து நின்றேன். எழும்ப வேண்டும் என்று முடிவெடுத்து எழும்பவில்லை. நின்ற பிறகுதான் நிற்பது தெரிந்தது.

நீதவான் வெள்ளைக்காரர், வயதானவர். “யார் அந்தப் பெண்?” என்று கேட்டார்.

“சாட்சியின் மனைவி” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “அந்த வில்லைகள் சாக்கில் வந்தன. எங்கள் வீட்டில் இறக்கினார்கள். தோட்டத்தில் ஒருவர் கையிலும் அவை இருப்பதற்கு முன்.”

கூண்டிலிருந்து அவர் சொன்னார்: “ஐயா, அவளுக்கு உடம்பு சரியில்லை. கர்ப்பிணி. என்ன பேசுகிறாள் என்று அவளுக்கே தெரியாது.”

எவ்வளவு மரியாதையான குரல். வேதம் வாசிக்கும் அதே குரல்.

நீதவான் என்னை முன்னுக்கு வரச் சொன்னார். சத்தியம் வாங்கிக்கொண்டு, உட்கார ஒரு கதிரை போடுவித்தார். சாக்கைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். தோட்டத்து ஆட்கள் மூன்று நான்கு பேரைக் கூப்பிட்டு, அந்த வில்லை முதலில் யார் கையிலிருந்து கிடைத்தது என்று கேட்டார். எல்லோரும் ஒரே மாதிரி, சம்பள மேசையில் கணக்கப்பிள்ளை ஐயா கையிலிருந்து என்றார்கள். மீராசாவும் அப்படியே சொன்னார்.

இதோடு முடியும் என்று நினைத்தேன். ஆசாரியை விட்டுவிடுவார்கள், துரையைத் தேடிப் போவார்கள், என் கணவர் துரை சொன்னபடி செய்த வேலையாள் மட்டுமே என்று ஆகும். அவ்வளவுக்குத்தான் நான் துணிந்தேன்.

நீதவான் குனிந்து எதையோ எழுதிவிட்டு நிமிர்ந்தார். “அப்படியானால் துருத்தியின் கீழே அவற்றை வைத்தது யார்? பட்டறைச் சாவி யாரிடம் இருந்தது?”

“கணக்கப்பிள்ள ஐயாகிட்டங்க” என்றான் சிங்காரம். அன்று அவன் பேசியது அது மட்டும்தான்.

நீதவான் என்னிடம் திரும்பினார். “கண்டெடுத்ததற்கு முந்திய நாள் உன் கணவர் பட்டறைக்குப் போனாரா?”

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. நினைத்தேனா? இந்தப் பக்கங்களில் நான் எழுதியதைத் திருப்பிப் பார்த்தால், எனக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அவரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. கூண்டின் கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“போனவர்” என்றேன். தமிழில்தான் வந்தது.

“எப்படித் தெரியும்?”

“சப்பாத்தில் கரி இருந்தது. கழுவினது நான்.”

துபாசி அதை மொழிபெயர்த்தார். பின்னால் யாரோ ஒரு பெண் மூச்சை இழுத்தாள். பச்சையம்மாளாக இருக்கலாம். நான் திரும்பவில்லை.

துரையை அழைத்துவரக் குதிரையில் ஆள் அனுப்பினார்கள். பொழுதுபடும் வேளையில் திரும்பி வந்த ஆள், பங்களாவில் சமையற்காரன் மட்டும் இருக்கிறான், துரை முந்தநாளே கொழும்புக்கு ரயில் ஏறிவிட்டார் என்றான். அவர் அதைக் கேட்டதும் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

சிங்காரத்தின் கையிலிருந்து விலங்கைக் கழற்றினார்கள். அதை மேசையில்கூட வைக்கவில்லை. அப்படியே இவர் கையில் போட்டார்கள்.

நவம்பர் 29

அவரை அடைத்திருக்கும் மறியல்வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கொண்டுபோன சோற்றைக் காவலாளி வாங்கி உள்ளே வைத்தான்.

டிசெம்பர் 4

அப்புவின் ஆள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறார். புறப்பட்டு வரட்டுமாம். புருஷனைக் கோட்டில் ஏற்றிய பெண்ணுக்கும் வீட்டில் இடம் உண்டு என்று சொல்லச் சொன்னாராம். நான் வரவில்லை என்று சொல்லியனுப்பினேன். போதகரின் மனைவி தையல் வேலை தந்திருக்கிறார்.

டிசெம்பர் 8

தோட்டத்துக்கு வேறொரு துரை வந்துவிட்டாராம். பழைய வில்லைகள் தன் பொறுப்பல்ல என்கிறாராம். பாதிப் பேர் வேறு மலைகளுக்குப் போய்விட்டார்கள். மீராசா தன் ஊருக்குக் கப்பலேறப் போகிறார்.

பச்சையம்மாளும் சிங்காரமும் இந்த வழியாகப் போனார்கள். அவன் தெருவிலேயே நின்றான். அவள் மட்டும் வாசலுக்கு வந்தாள். என்ன சொல்வாள் என்று நின்றேன். ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை.

“நீங்க மொதல்லயே சொல்லியிருந்தா அவரு தோளு இப்பிடி ஆயிருக்காதும்மா” என்றாள். “இனிமே சம்மட்டி தூக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க.”

தெருவில் நின்றவனின் தோளைப் பார்த்தேன்.

அவள் போகத் திரும்பி, மறுபடி நின்று, என் வயிற்றைப் பார்த்தாள். “கீழ எறங்கிருச்சு. இன்னும் பத்து நாளுதான். தனியாப் படுக்காதீங்க, யாரையாச்சும் கூட வச்சுக்குங்க.”

தெரு முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

டிசெம்பர் 13

தீர்ப்பு. கணவருக்கு ஆறு மாதம் மறியல். துரையைப் பிடிக்க ஆணை போயிருக்கிறதாம். அவர் ஏறிய கப்பல் அதற்கு முன்பே போய்விட்டது.

டிசெம்பர் 15

இன்று பார்க்கச் சம்மதித்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். தாடி வளர்ந்திருந்தது.

“உமக்கு இப்ப நிம்மதியோ?” என்று கேட்டார்.

“இல்லை.”

அவர் தலையசைத்தார். அந்தப் பதிலை நம்பினார் என்று பட்டது. பிறகு, “ஆசாரி எப்பிடி?” என்றார். தோளைப் பற்றிச் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. நான் கம்பிக்குள் கையை விட்டேன். எட்டவில்லை.

காவலாளி நேரமாகிவிட்டது என்றான். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பாராமலே சொன்னார்:

“பிள்ளை பிறந்தால் இஞ்சை கொண்டுவர வேண்டாம்.”

“கொண்டு வருவன்” என்றேன்.

சொல்லிவிட்டு, அவர் மறுபடி வேண்டாம் என்று சொல்லட்டும் என்று நின்றேன். காவலாளி இரண்டாம் முறை கூப்பிடும்வரை நின்றேன். அவர் சொல்லவில்லை.